துணையை இழந்தபின்: யாரிடம், எதை, எப்படிக் கேட்பது

துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கிளம்பும்போது ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "என்ன உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்." மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவர் தலையில் அது இன்னொரு வேலையை ஏற்றிவிடுகிறது. என்ன தேவை என்று யோசிக்க வேண்டும், யாரிடம் கேட்கலாம் என்று எடைபோட வேண்டும், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு வாய் திறக்க வேண்டும். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருப்பவரால் இந்த மூன்றும் ஆகாது. அந்த வாக்கியம் அப்படியே காற்றோடு போய்விடுகிறது.

அதைப் போகவிடாமல் பிடித்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணவனோ மனைவியோ சேர்ந்து வாழ்ந்த துணையோ ஒரே ஆளாக இருந்து பல காரியங்களைப் பார்த்திருப்பார்கள்: கணக்குப் பார்த்தவர், இரவில் பேச்சுத் துணைக்கு இருந்தவர், காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போனவர், கோபத்தைக் கொட்ட இடம் கொடுத்தவர். இனி அத்தனையும் ஒரே ஆளிடமிருந்து வராது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும். ஒருவரிடமே எல்லாவற்றையும் எதிர்பார்த்தால் அவரும் களைத்துப்போவார், நீங்களும் மனம் புண்படுவீர்கள்.

முதல் சில வாரங்கள்: உங்களுக்குப் பதிலாகப் பேச ஓர் ஆள்

நெருங்கிய ஒருவரை முன்னே நிறுத்துங்கள். அதிகம் அழாத, தொலைபேசியில் தெளிவாகப் பேசக்கூடிய ஆளாக இருந்தால் நல்லது. மிக நெருங்கியவர்தான் என்று கட்டாயமில்லை. உடன்பிறந்தவரைவிட ஒரு பழைய சக ஊழியர் இந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்கலாம். செய்தி சொல்வது, "எப்படி நடந்தது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, யார் எப்போது வரலாம் என்று முறைப்படுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. இறந்த கதையை ஒரே நாளில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது பெரிய வதை. அதிலிருந்து உங்களுக்கு விடுதலை தர இப்படி ஓர் ஆளால் முடியும்.

அடுத்து, ஒரு தாளை எடுத்து, செய்ய வேண்டியவற்றைச் சின்னச் சின்ன வேலைகளாக எழுதச் சொல்லுங்கள். நீங்களே எழுத வேண்டாம்; நீங்கள் சொல்ல, அவர் எழுதட்டும். பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிடுவது, மருந்துக் கடைக்குப் போவது, இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, புதன்கிழமை மாலை ஒரு மணி நேரம் வந்து உடன் இருப்பது. "தயங்காமல் கேளுங்கள்" என்று யாராவது சொன்னால் தாளை நீட்டி, "இதில் உங்களால் எது முடியும்?" என்று கேட்டால் போதும். உதவ வந்தவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், கவனித்துப் பாருங்கள். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல்தான் இருந்தது.

உடம்பை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது. துணையை இழந்த முதல் மாதங்களில் உடல் உண்மையாகவே ஆபத்தில் இருக்கிறது. பிரிட்டனில் 55 வயதைக் கடந்த, மனைவியை இழந்த 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969-ல் வெளியான ஆய்வில், முதல் ஆறு மாதங்களில் இறப்பு விகிதம் அதே வயதுடைய மணமான ஆண்களுக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகமாக இருந்தது. இதய நோய்தான் அதில் முன்னே நின்றது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நீங்கள் போட்டுவந்த மாத்திரையை இப்போது நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பல வீடுகளில் "மாத்திரை போட்டாயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்தான் போயிருப்பார். அந்தக் கேள்வியைத் தினமும் கேட்க ஓர் ஆளை நியமியுங்கள். தாளில் அதுவும் ஒரு வேலையாக இருக்கட்டும். நெஞ்சு வலித்தால் துக்கம்தானே என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். தூக்க மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் சாப்பிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில் கொடுப்பதை அல்ல. மதுவும் அப்படித்தான்: முதல் இரவு தூங்கவைக்கும், பிறகு தூக்கத்தையே கெடுக்கும்.

காகித வேலைக்கு வேறு ஆள்

மனதுக்கு ஆறுதல் தருகிறவர் கணக்கிலும் கெட்டிக்காரராக இருப்பது அபூர்வம். ஆகவே காகிதங்களுக்குத் தனி ஆள். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள்: இறப்புச் சான்றிதழின் பல பிரதிகள், திருமணத்தை அல்லது உறவை நிரூபிக்கும் ஆவணம், அடையாள அட்டைகள், காப்பீட்டுப் பத்திரங்கள், வேலை பார்த்த இடத்தின் கடிதங்கள். யாரிடம் பேசினாலும் தேதி, பேசியவர் பெயர், சொன்ன பதில் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் நினைவு ஏமாற்றும். நேற்றுச் சொன்னது இன்று மறந்துபோவது வழக்கமானதுதான், மூளை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இறந்தவரின் கைபேசி எண்ணை அவசரப்பட்டுத் துண்டிக்காதீர்கள். எந்தெந்த நிறுவனத்தில் கணக்கு இருந்தது, எதற்கெல்லாம் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது என்பதெல்லாம் அதில் வரும் செய்திகளிலிருந்துதான் தெரியவரும். அதே சமயம், அவருடைய அட்டையையும் ரகசிய எண்ணையும் வைத்துப் பணம் எடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பணம்தான் என்றாலும், கணக்குக்கு உரியவர் இறந்தபின் அப்படி எடுப்பது பல இடங்களில் சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். வங்கிக்குத் தகவல் சொல்லி முறைப்படி கேட்டுப் பெறுங்கள்.

ஒவ்வொரு அலுவலகத்திலும் "அவரையே பேசச் சொல்லுங்கள்" என்பார்கள். அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். முன்கூட்டியே ஒரு வாக்கியத்தை எழுதி எதிரே வைத்துக்கொண்டு, பார்த்தே படியுங்கள்: "கணக்கு வைத்திருந்தவர் காலமாகிவிட்டார். நான் அவருடைய மனைவி. என்னென்ன ஆவணம் தேவை என்று எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள்." அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு அதையும் படிக்க முடியவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் முதலில் பேசி, அடையாளம் உறுதிசெய்யும் நேரத்தில் மட்டும் உங்களிடம் கொடுக்கலாம்.

வீட்டை விற்பது, ஊர் மாறுவது, வேலையை விடுவது, பெருந்தொகையை யாருக்காவது கடன் கொடுப்பது போன்றவற்றை முடிந்தவரை ஓராண்டு தள்ளிப்போடுங்கள் என்பது பொதுவான அறிவுரை. நல்ல அறிவுரைதான், ஆனால் வாடகை கட்ட முடியாதவருக்கு அது பொருந்தாது. தள்ளிப்போட முடியாத முடிவு என்றால், அதனால் எந்த லாபமும் அடையாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். காப்பீட்டுப் பணம் வந்த செய்தி மட்டும் யார் சொல்லி எப்படிப் பரவுமோ தெரியாது. முதலீட்டு யோசனைகளோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். "இந்த ஆண்டு எதிலும் போடுவதாக இல்லை" என்ற ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லுங்கள், சொந்தக்காரர் உட்பட.

கூட்டம் கலைந்த பிறகு

உண்மையில் உதவி அதிகம் தேவைப்படும் காலம் இதுதான். சில வாரங்களில் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அது துரோகம் அல்ல, ஆனால் துரோகம் போல வலிக்கும். மாலை நேரமும் விடுமுறை நாளும்தான் அதிகம் கனக்கும். கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரங்களை முன்பே நிரப்பி வையுங்கள். ஞாயிறு மாலை ஒருவரோடு நடைப்பயிற்சி, செவ்வாய் இரவு இன்னொருவரோடு தொலைபேசி. "எப்போதாவது கூப்பிடு" என்பது நடக்காது. "செவ்வாய் எட்டு மணிக்குக் கூப்பிடு" என்பது நடக்கும்.

இந்தக் கட்டத்தில் மனைவியை இழந்த ஆண்களில் பலருக்கு ஒரு விஷயம் புதிதாகத் தெரியவரும்: உறவு, நட்பு, விசேஷங்கள் எல்லாவற்றையும் கட்டிக்காத்தது மனைவிதான், அவர் போனதும் தொலைபேசியே அடிப்பதில்லை. உட்கார்ந்து மனம் விட்டுப் பேசு என்றால் இவர்களில் பலருக்கு வாய் வராது. எதிரெதிரே உட்காராமல் பக்கத்துப் பக்கத்தில் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது, நடக்கும்போது, வண்டியில் போகும்போது, ஒரு பொருளைப் பழுதுபார்க்கும்போது பேச்சு தானாக வரும். அத்தகைய சந்தர்ப்பத்தைத் தேடுங்கள்.

குடும்பத்துக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. இறந்தவரின் தாயும் தந்தையும் பிள்ளையை இழந்திருக்கிறார்கள்; உங்கள் பிள்ளைகள் பெற்றவரை இழந்திருக்கிறார்கள். எல்லோருமே முழுகிக்கொண்டிருக்கும்போது ஒருவரை ஒருவர் பிடித்துக் கரையேற முயல்வதுதான் பல வீட்டுச் சண்டைகளுக்குக் காரணம். ஒருவர் நாள் முழுக்க அழுவார், இன்னொருவர் மறுநாளே வேலைக்குப் போய்விடுவார். அழாதவருக்கு அன்பில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நெதர்லாந்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹென்க் ஸ்குட்டும் 1999-ல் சொன்ன கருத்து இங்கே உதவும்: துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார், அந்த ஊசலாட்டமே இயல்பானது. காலையில் சிரித்துப் பேசிவிட்டு மாலையில் உடைந்துபோனால் நீங்கள் நடிக்கவில்லை. வீட்டுக்குள் கிடைக்காத ஆறுதலை வெளியே தேடுவதும் குற்றமில்லை.

சிறு பிள்ளைகளிடம் "தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்ல வேண்டாம். தூங்கப் பயப்படுவார்கள், அல்லது வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, திரும்ப வரமாட்டார், உன்னைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். அழுத குழந்தை அடுத்த நிமிடம் விளையாடப் போகும், விட்டுவிடுங்கள். வகுப்பு ஆசிரியருக்குத் தகவல் சொல்வதை மறக்க வேண்டாம்.

இதே வழியில் வந்தவர்களைத் தேடுவது

உறவினர் அன்பைத் தரலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் படுக்கையின் மறுபாதியைக் கை தடவிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை அதை அனுபவித்தவர்தான் அறிவார். இதை முறையான உதவியாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஃபிலிஸ் சில்வர்மேன். 1960-களின் பிற்பகுதியில் பாஸ்டனில் அவர் தொடங்கிய திட்டத்தில், கணவரை இழந்த பெண்கள் புதிதாக இழந்த பெண்களைத் தேடிச் சென்று பேசினார்கள். உதவ வந்தவர்கள் மருத்துவர்களோ ஆலோசகர்களோ அல்ல, முன்னால் நடந்தவர்கள், அவ்வளவுதான். இன்று பல நாடுகளில் இயங்கும் துணை இழந்தோர் குழுக்கள் இந்த வழியில்தான் நடக்கின்றன.

அப்படிப்பட்ட குழுவை எங்கே தேடுவது? துணை நோய்வாய்ப்பட்டு இறந்திருந்தால், சிகிச்சை அளித்த மருத்துவமனையிலோ வலி தணிப்புச் சிகிச்சை மையத்திலோ முதலில் கேளுங்கள். நோயாளி இறந்தபின் குடும்பத்தின் துக்கத்துக்குத் துணைநிற்பதும் அந்தச் சிகிச்சையின் பகுதி என்றே உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஆகவே அங்கே கேட்பது யாசகம் அல்ல. குடும்ப மருத்துவர், மருத்துவமனையின் சமூகப் பணியாளர், வழிபாட்டுத் தலம், வேலை பார்க்கும் இடத்தின் மனிதவளப் பிரிவு, நூலகத்தின் அறிவிப்புப் பலகை ஆகியவை அடுத்த இடங்கள்.

சேர்வதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். துணையை இழந்தவர்களுக்கு மட்டுமா, எல்லா இழப்புக்குமா? நடத்துபவர் யார், பயிற்சி பெற்றவரா? கட்டாயம் பேச வேண்டுமா, சும்மா உட்கார்ந்து கேட்கலாமா? பேசியது வெளியே போகாது என்ற விதி உண்டா? மிக முக்கியமாக, எதையாவது விற்கிறார்களா, மதம் மாறச் சொல்கிறார்களா? ஐந்தாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் நாள் போய்வந்தால் பெரும்பாலும் மனம் இன்னும் கனமாகத்தான் இருக்கும், மற்றவர்களின் கதையையும் சுமந்து வருகிறோம் அல்லவா. ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். வாசல் பக்கத்தில் உட்காருங்கள், நினைத்தபோது எழுந்து போகலாம். பெயரைச் சொல்லி, "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். முப்பது வயதில் துணையை இழந்தவர் எழுபது வயதினர் மட்டுமே இருக்கும் குழுவில் தனியாகிப்போவார். தற்கொலையாலோ விபத்தாலோ இழந்தவருக்கு, அதே மாதிரி இழந்தவர்களின் குழு பெரிய வித்தியாசத்தைத் தரும். நீண்ட நாள் பணிவிடை செய்து, இறந்ததும் ஒரு நிம்மதி வந்து, அந்த நிம்மதியை நினைத்துக் குமைந்துகொண்டிருப்பவர் குழுவில் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். தலையாட்டுகிறவர்கள் பலர் இருப்பார்கள்.

இணையக் குழு என்றால் ஓர் எச்சரிக்கை. தனியாக இருப்பவர், கையில் கொஞ்சம் பணம் வந்திருக்கலாம் என்று மோப்பம் பிடித்து வருகிறவர்கள் உண்டு. மிக விரைவில் அந்தரங்கமாகப் பேசுபவர், நேரில் வராதவர், பிறகு அவசரமாகப் பணம் கேட்பவர்: இந்த வரிசை தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம்

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள், தன்பாலினத் துணையை இழந்தவர்கள், பிரிந்து வாழ்ந்தாலும் மனதால் பிரியாதவர்கள் ஆகியோருக்குத் துக்கம் விசாரிக்கக்கூட ஆள் வராது. சில வேளை இறுதிச் சடங்கில் நிற்கவும் இடம் இருக்காது. சமூகம் அங்கீகரிக்காத இந்தத் துக்கத்துக்குத் தனிப் பெயரிட்டு 1989-ல் விரிவாக எழுதினார் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா. உங்கள் நிலை இதுவானால், எல்லோருக்கும் புரியவைக்கும் பாடு வேண்டாம். உண்மை தெரிந்த ஒருவர் போதும், அவரிடம் ஆரம்பியுங்கள். சொத்து, வீட்டு வாடகை ஒப்பந்தம் பற்றிய கேள்விகளுக்கு வழக்கறிஞரை மற்றவர்களைவிட விரைவாகப் பாருங்கள். சட்டம் உங்களை எப்படிப் பார்க்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

எப்போது மருத்துவ உதவி

துக்கம் நோயல்ல. எல்லோருக்கும் ஆலோசகர் தேவை என்பதை நான் ஏற்கவில்லை. பெரும்பாலோர் உறவும் நட்பும் காலமும் இருந்தால் மெல்ல மெல்ல நிமிர்கிறார்கள். ஆனால் சிலருக்கு அது இறுகிப்போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் "நீடித்த துக்கக் கோளாறு" இப்போது இடம்பெற்றிருக்கிறது. அதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்பது அளவு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோயறிதல் கையேட்டில் 2022-ல் இதைச் சேர்த்தபோது பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வைத்தது. காலம் மட்டும் கணக்கல்ல. ஓராண்டு கழித்தும் அழுகை வருவது நோயல்ல. ஏக்கம் நாள் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டு, வேலையும் வீடும் நின்றுபோய், இறந்ததையே நம்ப முடியாத நிலை தொடர்ந்தால் பயிற்சி பெற்ற ஆலோசகரைப் பார்க்க வேண்டும். இதற்கென்றே பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் வடிவமைத்தது 16 அமர்வுகளில் முடிவது.

ஆலோசகரை அழைக்கும்போது, "துணையை இழந்து இத்தனை மாதமாகிறது, துக்கத்தில் இருப்பவர்களோடு வேலை செய்த அனுபவம் உங்களுக்கு உண்டா?" என்று நேரடியாகக் கேளுங்கள். மறுப்பு, கோபம் என்று ஐந்து படிகளை அடுக்கி, நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று அளப்பவரிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அவற்றைச் சொன்னது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. பின்னால் இருப்பவர்கள் வரிசையாக ஏற வேண்டிய படிக்கட்டாக அல்ல.

"நானும் கூடவே போயிருக்கலாம்" என்ற நினைப்பு பலருக்கும் வந்து போகும். அது எப்படி, எப்போது என்ற திட்டமாக மாறினாலோ, மாத்திரைகளைச் சேர்த்துவைக்கத் தோன்றினாலோ, காலையாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே பக்கத்தில் இருப்பவரிடம் தற்கொலை என்ற சொல்லையே பயன்படுத்திச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். அருகில் இருப்பவர்களும் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

தேதிகள், பொருட்கள், அப்புறம்

பிறந்த நாள், திருமண நாள், இறந்த நாள் மூன்றையும் நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஒரு வாரம் முன்பே யாரோடு இருக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பலருக்கு அந்த நாளைவிட முந்தைய நாட்கள்தான் கடினம். தனியாக இருக்கத் தோன்றினாலும் சரி, ஒருவருக்கு மட்டும் தகவல் சொல்லி வையுங்கள்.

துணிமணிகளை எப்போது எடுப்பது என்பதில் விதி கிடையாது. "எல்லாவற்றையும் அகற்றிவிட்டால் மனம் ஆறும்" என்று உங்கள் பேரில் அக்கறையோடு அலமாரியைக் காலிசெய்ய வருபவரைத் தடுத்துவிடுங்கள். கொடுத்தது திரும்பி வராது. மூன்றாகப் பிரிப்பது சுலபம்: வைத்துக்கொள்வது, கொடுப்பது, இப்போது தீர்மானிக்காதது. மூன்றாவது பெட்டிதான் பெரிதாக இருக்கும், மூடி வைத்துவிடுங்கள். குரல் பதிவுகளையும் படங்களையும் மட்டும் உடனே வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கைபேசி எப்போது பழுதாகும் என்று சொல்ல முடியாது.

இறந்தவரோடு மனதுக்குள் பேசுவது, முடிவெடுக்கும்போது "அவர் என்ன சொல்லியிருப்பார்?" என்று நினைப்பது எல்லாம் இயல்பானவை. மறந்தால்தான் குணமாகும் என்ற பழைய கருத்தை 1990-களிலேயே ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்திவிட்டார்கள். இன்னொரு துணை பற்றிய எண்ணம் வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு ஊரிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், வேறு யார் மூலமாகவும் தெரியவருமுன் நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

குழுவுக்குப் போவது என்றைக்காவது சலித்துப்போகும். மற்றவர் கதையில் மனம் ஒட்டாது, போகாவிட்டால் என்ன என்று தோன்றும். நின்றுகொள்ளலாம். போகும்போது ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போனால், வேண்டும்போது திரும்பி வருவது எளிது. புதிதாக வந்தவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேச முடியுமா என்று அவர் கேட்கக்கூடும். உடனே பதில் சொல்ல வேண்டாம், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.